“மின்னஞ்சல் வரவில்லை” என்று சொல்வதற்கு முன்

சற்று நீண்ட பதிவு. தம் துறையின் மின்னஞ்சல் சர்வரைக் கவனிக்கும் பொறுப்பு தலையில் விழுந்திருக்கும் ஆய்வாளர்களும், மின்னஞ்சல் வழியாக விண்ணப்பம் பெறும் குழுக்களில் அமர்ந்திருக்கும் பேராசிரியர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நான் கணினித் துறையினன் அல்லன். வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் மொழியியல் ஆய்வு செய்பவன். இவனுக்கு லினக்ஸ் தெரியும் என்று முதலாண்டிலேயே யாரோ சொல்லிவிட்டதால், துறையின் பழைய சர்வரும் அதில் ஓடும் எக்சிம் என்னும் மின்னஞ்சல் மென்பொருளும் என் கைக்கு வந்தன. ஊதியம் கிடையாது, கடவுச்சொல் மட்டும் உண்டு. நம் பல்கலைக்கழகங்களில் இது புதிய ஏற்பாடு அன்று.

அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை 5 மணி, துறையின் களப்பணி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நேரமாக இருந்தது. ஒடிசாவிலிருந்து வந்து ஆய்வில் சேர்ந்திருக்கும் மாணவி ஒருவர் 4:41க்குத் தம் விண்ணப்பத்தை அனுப்பினார். கோராபுட் மலைப்பகுதியில் பேசப்படும் முண்டா மொழி ஒன்றை மழைக்காலம் தொடங்குவதற்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்பது அவர் திட்டம். அவர் தேடிச் செல்லும் பேச்சாளர்கள் அனைவரும் முதியவர்கள். அனுப்பப்பட்டது என்று அவருடைய கைப்பேசி சொன்னது. சனிக்கிழமை முற்பகல் 11 மணிக்கு மேல்தான் அந்த அஞ்சல் எங்கள் சர்வருக்குள் நுழைந்தது. திங்கட்கிழமை குழு அவருக்கு ஒரு வரி எழுதியது: உங்கள் விண்ணப்பம் உரிய நேரத்தில் வரவில்லை.

அன்று மாலை அவர் என்னிடம் வந்தார். “பையா, நான் அனுப்பினேன். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். (இங்கே மூத்த ஆய்வாளரை அப்படித்தான் விளிப்பார்கள், தமிழ்க் காதுக்கு அது வேறு பொருள் தருவதைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.) பார்த்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை நடந்ததைச் சொல்லக்கூடிய பதிவுக் கோப்பைச் சனிக்கிழமை காலை நானே அழித்திருந்தேன்.

எப்படி அழித்தேன் என்பதைச் சொல்ல இரண்டு மாதம் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

அப்போது சர்வரில் புதிய வன்தட்டு ஒன்றைப் பொருத்தி, பதிவுக் கோப்புகள் இருக்கும் கோப்புறையை அதற்கு மாற்றினேன். ரூட் பயனராக நுழைந்து புதிய கோப்புறையை உருவாக்கியதால் அதன் உரிமையாளரும் ரூட் ஆயிற்று. எக்சிம் பெரும்பாலான வேலைகளைத் தனக்கென உள்ள தனிப் பயனரின் பெயரில் செய்கிறது. அந்தப் பயனருக்கு அக்கோப்புறையில் எழுத அனுமதி இல்லை. உடனே ஒரு பிழைச்செய்தி வந்தது: முதன்மைப் பதிவுக் கோப்பைத் திறக்க முடியவில்லை, அனுமதி மறுக்கப்பட்டது. யூனிக்ஸ் மரபில் இது பிழை எண் 13. அதன் அடியிலேயே இன்னொரு வரியும் இருந்தது: அவசரப் பதிவுக் கோப்பையும் திறக்க இயலவில்லை, நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த இரண்டாம் வரியை நான் அன்று எரிச்சலோடுதான் படித்தேன். இன்று அதை எழுதிய மனிதர் மீது மரியாதை உண்டாகிறது. எக்சிம் 1995இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் என்பவரால், அப்பல்கலைக்கழகத்தின் தேவைக்காக எழுதப்பட்டது. அதற்கு மூன்று பதிவேடுகள். நடந்தவற்றை எழுத ஒன்று. மறுக்கப்பட்டவற்றை விரிவாக எழுத ஒன்று. தன்னால் சமாளிக்க முடியாத கோளாறுகளை எழுதப் ‘பேனிக் லாக்’ என்னும் மூன்றாவது. முதற்பதிவேட்டில் எழுத முடியாவிட்டால் மூன்றாவதில் எழுதப் பார்க்கும். அதுவும் இயலாதபோது வேலையை நிறுத்திவிடும். குறிப்பேடு இல்லாமல் கடிதம் வாங்க மாட்டேன் என்று சாளரத்தை மூடிவிடும் அஞ்சலக எழுத்தரை ஒத்த நடத்தை இது. போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற மென்பொருள்கள் மறுபக்கம் சாய்பவை: பதிவு செய்யும் வேலையை அவை இயங்குதளத்தின் சிஸ்லாக் சேவையிடம் விட்டுவிடுகின்றன, அந்தச் சேவை எழுதத் தவறினாலும் அஞ்சல் போய்க்கொண்டே இருக்கும். நிர்வாகிகளில் பலர் இரண்டாவதையே நடைமுறைக்கு ஏற்றது என்பார்கள். நான் இப்போது முதற்கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

அன்று அந்த மரியாதை எனக்கு இல்லை. அஞ்சல் நின்றுவிட்டது, பேராசிரியர் ஒருவர் தொலைபேசியில் காத்திருக்கிறார். இத்தகைய நேரத்தில் பலரும் செய்வதையே நானும் செய்தேன்: கோப்புறையின் அனுமதியை 777 ஆக்கினேன். அதாவது சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எவரும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். பிழைச்செய்தி மறைந்தது, அஞ்சல் ஓடத் தொடங்கியது. நான் தேநீர் குடிக்கப் போய்விட்டேன். சரியான தீர்வு ஒற்றைக் கட்டளைதான்: கோப்புறையின் உரிமையை எக்சிமின் பயனருக்கு மாற்றி, பிறருக்கு அனுமதி நீக்குவது. அதற்கும் 777க்கும் தட்டச்சு நேரத்தில் வேறுபாடு பத்து நொடி இருக்கலாம்.

அந்தப் பத்து நொடியின் விலை இப்படி வந்தது. பதிவுக் கோப்பு வளர்ந்துகொண்டே போகாமல், குறித்த காலத்திற்கு ஒருமுறை பழையதைச் சுருக்கி ஒதுக்கிப் புதியதைத் தொடங்கும் வேலையை லாக்ரொட்டேட் என்னும் சிறு நிரல் செய்கிறது. எவரும் எழுதக்கூடிய கோப்புறைக்குள் ரூட் உரிமையோடு சென்று கோப்புகளைப் பெயர் மாற்றுவது ஆபத்து என்பதால், எந்தப் பயனராகச் செயல்பட வேண்டும் என்று தனியே சொல்லாத வரை அது அத்தகைய கோப்புறையைத் தொடாது. மேற்கோப்புறையின் அனுமதிகள் பாதுகாப்பற்றவை, ஆகவே தவிர்க்கிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடும். இரண்டு மாதமும் நாள்தோறும் அந்த வரி எழுதப்பட்டிருக்கிறது. நான் படிக்கவில்லை.

இதற்கிடையே எங்கிருந்தோ கடவுச்சொற்களை ஊகித்து நுழையப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. இணையத்தில் திறந்திருக்கும் எந்த மின்னஞ்சல் சர்வருக்கும் இது அன்றாட நிகழ்வு. ஒவ்வொரு தட்டலும் ஒரு வரி. கோப்புகள் பெருத்து, அஞ்சல் வரிசையும் பதிவுகளும் ஒருங்கே இருந்த அந்த வன்தட்டு சரியாக அந்த வாரத்தில் நிரம்பிற்று. பிழை எண் 28: சாதனத்தில் இடம் இல்லை. பதின்மூன்றை நான் தீர்த்த விதமே இருபத்தெட்டாகத் திரும்பி வந்திருந்தது.

இடம் இல்லாத சர்வர் வந்த அஞ்சலை எப்படித் திருப்புகிறது என்பதில்தான் மாணவியின் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. மின்னஞ்சல் சர்வர்கள் ஒன்றோடொன்று மூன்றிலக்க எண்களில் பேசிக்கொள்கின்றன. ஜான் போஸ்டல் 1982இல் எழுதிய நெறிமுறை தொட்டு இதே வழக்கம். இரண்டில் தொடங்கினால் ஏற்றுக்கொண்டேன், நான்கில் தொடங்கினால் இப்போது இயலாது பிறகு வா, ஐந்தில் தொடங்கினால் முடியவே முடியாது. ஐந்து என்று சொல்லியிருந்தால் அனுப்பியவருக்கு உடனே திரும்பு அஞ்சல் போயிருக்கும். 4:41க்கே அவருக்குத் தெரிந்திருக்கும். துறைக்கு ஓடிவந்து தாளில் கொடுத்திருப்பார். இடப் பற்றாக்குறைக்கு உரிய விடை 452. அது தற்காலிக மறுப்பு. அவ்விடை பெற்ற அனுப்பும் சர்வர் அஞ்சலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயல வேண்டும். நான்கைந்து நாளாவது முயன்ற பின்னரே கைவிட வேண்டும் என்று 2008இல் புதுப்பிக்கப்பட்ட நெறிமுறை அறிவுறுத்துகிறது. அந்த இடைவெளியில் அனுப்பியவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. அவர் திரையில் இருப்பது “அனுப்பப்பட்டது” என்பது மட்டுமே. நெறிமுறையின் கண்ணில் இதில் குற்றம் ஏதும் இல்லை. கடிதம் தொலையவில்லை, தாமதமாகச் சேர்ந்தது, அவ்வளவே. ஆனால் நெறிமுறைக்கு மாலை 5 மணி என்று ஒன்று இருப்பது தெரியாது.

சனிக்கிழமை காலை, அஞ்சல் வரவில்லை என்ற புகார்களைக் கேட்டு உள்ளே நுழைந்த நான், வன்தட்டு நிறைந்திருப்பதைக் கண்டு, பெரிய கோப்புகள் எவை என்று பார்த்து, பதிவுக் கோப்புகளை அழித்தேன். இடம் கிடைத்தது, வரிசை நகர்ந்தது, மாணவியின் விண்ணப்பம் உட்பட நின்றிருந்த அஞ்சல்கள் வந்து சேர்ந்தன. (சிஸ்லாக் வழி எழுதும் சர்வர்களில் இதுகூட நடக்காது. கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல் அதை விடும்வரை, அழித்த கோப்பின் இடம் விடுபடாது. அழித்தும் இடம் வரவில்லையே என்று திகைத்து நிற்பவர்களைக் கண்டிருக்கிறேன்.) சிக்கல் தீர்ந்தது என்று துறைத் தலைவருக்கு எழுதவும் செய்தேன்.

எக்சிமின் பதிவேட்டில் ஓர் அஞ்சல் வந்ததற்கு இடப்புறம் நோக்கும் அம்பு, சேர்ந்ததற்கு வலப்புறம் நோக்கும் அம்பு, ஒத்திவைக்கப்பட்டதற்கு இரட்டைச் சமக்குறி, தோற்றதற்கு இரட்டை நட்சத்திரம். ஏற்கப்பட்ட ஒவ்வொரு அஞ்சலுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு அதன் பயணம் முழுவதையும் தொடரலாம். ஏற்கப்படாத அஞ்சலுக்கோ எண்ணும் கிடையாது, பயணமும் கிடையாது. இன்ன நேரத்தில் இன்னாரிடமிருந்து வந்ததை இடமின்மையால் மறுத்தோம் என்னும் ஒற்றை வரி மட்டுமே அது வாசல்வரை வந்ததற்குச் சான்று. வன்தட்டு நிரம்பிய நிலையில் அந்த வரியாவது எழுதப்பட்டதா, அல்லது எழுத முனைந்த செயலாக்கமே அங்கு முறிந்ததா என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது.

கல்வெட்டுப் படித்தவர்களுக்கு இந்நிலை பழக்கமானது. கல் சிதைந்த இடத்தில் புள்ளியிட்டு, இங்கே எழுத்து இருந்தது, இப்போது இல்லை என்று பதிப்பாசிரியர் காட்டுவார். சிதைவைச் சிதைவாகக் காட்டுவதே அந்தக் கல்விக்கு முதல் ஒழுக்கம். எங்கள் குழு அப்படிச் செய்யவில்லை. பதிவில் இல்லை என்பதை நிகழவில்லை என்று படித்தது. பதிவேடே இல்லை என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்க வேண்டும்.

என் கருத்து இதுதான். மின்னஞ்சலைக் கடைசித் தேதிக்கான வாயிலாக வைக்கும் எந்த நிறுவனமும், தன் சர்வரின் பதிவேட்டைப் பார்க்காமல் “வரவில்லை” என்று எவருக்கும் எழுதக் கூடாது. பதிவேடு பழுதுபட்டிருந்தால், அந்த நேரத்திற்குரிய ஐயத்தின் பயன் அனுப்பியவருக்கே போக வேண்டும். ஏனெனில் பதிவேட்டைக் காப்பது அவர் கையில் இல்லை.

இதைச் சொன்னபோது குழு உறுப்பினர் ஒருவர் கேட்டார்: அப்படியானால் எவரும் தாமதமாக அனுப்பிவிட்டு உங்கள் சர்வரைக் குறை சொல்லலாமே? நியாயமான கேள்வி. அதற்கு விடை அஞ்சலின் தலைப்பகுதியில் இருக்கிறது. ஓர் அஞ்சல் கடந்து வரும் ஒவ்வொரு சர்வரும் தான் பெற்ற நேரத்தை அதன் தலையில் எழுதி அனுப்புகிறது. கீழிருந்து மேலாகப் படித்தால் பயணம் தெரியும். அனுப்பியவர் தாமே அடியில் ஒரு போலி வரியைச் சேர்க்கலாம் என்பது உண்மை. ஆனால் பெரிய நிறுவனம் ஒன்றின் சர்வர் தன் கையெழுத்தோடு அனுப்பிய அஞ்சலில் அது எளிதன்று. மாணவியின் அஞ்சலை அவர் சேவை நிறுவனம் பெற்ற நேரம் அங்கே தெளிவாக இருந்தது: 04:11, அடுத்து ஒரு கழித்தல் குறி, 0700. அலுவலகத்தில் இதைப் பார்த்தவர், விடிகாலை 4:11க்கு அனுப்பிய அஞ்சல் எப்படி மறுநாள் வரும், இது ஏதோ மோசடி என்றார். உலக நேரத்திற்கு ஏழு மணி நேரம் பின்தங்கிய ஊரின் கடிகாரம் அது. ஏழைக் கூட்டினால் 11:11. நம் ஐந்தரை மணியையும் கூட்டினால் மாலை 4:41. இந்தக் கணக்கைத் தாளில் போட்டு இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது. பழைய சிஸ்லாக் வடிவமோ இன்னும் மோசம். அதில் மாதம், தேதி, நேரம் மட்டும்தான். ஆண்டும் இல்லை, எந்த ஊர் நேரம் என்பதும் இல்லை. அரசன் பெயர் சிதைந்து ஆட்சியாண்டு மட்டும் எஞ்சிய கல்வெட்டை வைத்துக்கொண்டு காலம் கணிப்பதைப் போன்றது அதைப் படிப்பது.

வேடிக்கை என்னவென்றால், இன்று பல வகைக் கணினிகளிலும் பதிவு எழுதப் பயன்படும் சிஸ்லாக்கே ஒரு மின்னஞ்சல் சர்வரின் குழந்தை. 1980களில் எரிக் ஆல்மன் பெர்க்லியில் தம் சென்ட்மெயில் திட்டத்தின் பகுதியாக அதை உருவாக்கினார். செய்திகளின் பிறப்பிடத்தைக் குறிக்கும் எண் வரிசையில் கருவகத்திற்கு 0, பொதுப் பயனர் நிரல்களுக்கு 1, மின்னஞ்சலுக்கு 2. கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று யாராவது கேட்பார்கள், விடை சொல்ல ஏதாவது வேண்டும் என்ற கவலை இத்துறையில் அத்துணை பழையது. இந்தியாவிலும் மின்னஞ்சல் முதலில் வேரூன்றியது கல்வி நிறுவனங்களுக்கிடையேதான். 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டமே அதற்கு வழி. ஆக, இதில் நம் பல்கலைக்கழகங்கள் புதியவர்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, அரசு நிறுவனங்கள் உள்ளிட்டவை தம் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும். கடிகாரங்களைத் தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும். அது இணையத் தாக்குதல்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது, மாணவர் விண்ணப்பங்களை அன்று. லாக்ரொட்டேட்டின் வழக்கமான அமைப்போ வாரம் ஒருமுறை சுழற்சி, நான்கு வாரம் சேமிப்பு. மென்பொருளை நிறுவிவிட்டு அப்படியே விட்ட துறைச் சர்வர் ஒன்றில் ஏறக்குறைய ஐந்து மாத வரலாறு கேட்பாரின்றிக் கழிந்துகொண்டிருக்கும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பதிவேட்டில் கடிதத்தின் உள்ளடக்கம் இல்லை. ஆனால் யார், யாருக்கு, எப்போது எழுதினார் என்பது இருக்கிறது. பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழுவின் முகவரிக்கு நள்ளிரவில் ஒரு மாணவி எழுதினார் என்ற ஒற்றை வரி எவர் கையில் கிடைக்கலாம் என்று நினைத்துப் பாருங்கள். நான் 777 வைத்திருந்த இரண்டு மாதமும் அந்தச் சர்வரில் கணக்கு வைத்திருந்த அனைவருக்கும் அத்தகைய வரிகள் திறந்து கிடந்தன. எவரும் படித்ததாக அறியேன்; படித்திருந்தாலும் அறிய வழியில்லை. இதை எண்ணும்போது விண்ணப்ப விவகாரத்தைவிடக் கூடுதலாகக் கூசுகிறது. ஆகவே நீண்ட நாள் வைத்திருங்கள் என்று சொல்லும்போதே, யார் படிக்கலாம், யாருடைய ஒப்புதலோடு படிக்கலாம் என்பதையும் எழுதி வைக்கக் கோருகிறேன். பொறுப்பில் இருக்கும் ஆய்வாளனுக்கும் அந்தக் கட்டுப்பாடு பொருந்த வேண்டும்.

இப்பொறுப்பில் இருக்கும் மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதிவுக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற செய்தி வந்தால், முதலில் உரிமையாளர் யார் என்று பாருங்கள். அந்தப் பயனராகவே ஒரு வரி எழுதிப் பார்த்தால் ஐயம் தீரும். இடமில்லை என்று வந்தால், இடத்தோடு கோப்பு எண்ணிக்கைக்கான ஐநோடு வரம்பையும் பாருங்கள். இடம் இருந்தும் அது தீர்ந்துபோனால் இதே பிழை எண் 28தான் வரும். எதையும் அழிப்பதற்கு முன் வேறொரு வட்டுக்கு நகலெடுங்கள். சுருக்கினால் பதிவுக் கோப்பு மிகச் சிறியதாகிவிடும், ஒரு பென் டிரைவ் போதும். லாக்ரொட்டேட்டை உண்மையில் எதையும் மாற்றாத ஒத்திகை முறையில் ஓட்டிப் பார்க்கலாம். அது எதைத் தவிர்க்கிறது, ஏன் தவிர்க்கிறது என்று தானே சொல்லும். நான் அதைச் செய்ய இரண்டு மாதமும் ஒரு மாணவியின் விண்ணப்பமும் தேவைப்பட்டன.

நடந்தது முழுவதையும், நான் அழித்ததையும் சேர்த்து, குழுத் தலைவருக்கு எழுத்தில் கொடுத்துவிட்டேன். நேரக் கணக்குத் தாளும் அஞ்சலின் தலைப்பகுதியும் இணைப்பில் உள்ளன. பொறுப்பிலிருந்து என்னை நீக்குவது பற்றிய பேச்சும் இருக்கிறது; அதில் எனக்கு மறுப்பில்லை, அடுத்து வருபவருக்கு ஊதியம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். குழு வரும் வாரம் மீண்டும் கூடுகிறது. மாணவி புவனேசுவரத்துக்கு இரயில் முன்பதிவு செய்துவிட்டார். காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறாராம்.